ஏதென்ஸ் ஆந்தைக் காசு: உளி வெட்டு இருந்தா அசல்தானா?

கேள்வி: வணக்கம் சார். நான் ம்யூனிக்ல இருக்கேன், ஐடி வேலை. போன மாசம் இங்க பழைய சாமான் சந்தையில ஒரு பெரியவர்கிட்ட ஏதென்ஸ் ஆந்தை வெள்ளிக் காசு ஒண்ணு 220 யூரோவுக்கு வாங்கினேன். அவரோட தாத்தா சேர்த்து வச்சதாம், கூடவே கையால எழுதின பழைய சீட்டு ஒண்ணும் குடுத்தார். ஆந்தை மேல ஒரு வெட்டு இருக்கு, அந்தக் காலத்துலயே உளி வச்சு செக் பண்ணினதாம், அதனால கண்டிப்பா ஒரிஜினல்தான்கிறார். எடை 15.6 கிராம், குறுக்களவு 24 மி.மீ. காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டல. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். இது அசலா? அடுத்த மாசம் மதுரைக்கு வர்றப்போ மாமனாருக்குத் தெரிஞ்ச நகைக்கடையில குடுத்து உரசிப் பாக்கலாமா? பெரியவர்கிட்ட இதே மாதிரி இன்னும் நாலு இருக்காம், மொத்தமா எடுத்தா ஒண்ணு 180-னு தரேங்கிறார். எடுக்கலாமா?

பதில்:

வணக்கம்மா. சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன், உங்க காசு அசல் இல்ல. யாரோ ஒரு நிஜக் காசை வச்சு அச்சு எடுத்து அதுல உலோகத்தை உருக்கி ஊத்தின வார்ப்பு. மிச்ச நாலையும் வாங்காதீங்க. இதை எழுதறப்போ எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா நீங்க எவ்வளவு ஆசையா வாங்கியிருக்கீங்கன்னு உங்க லெட்டர்லயே தெரியுது. ஆனா நாலு பக்கத்தையும் இவ்வளவு தெளிவா போட்டோ எடுத்து, எடையும் போட்டு, சீட்டையும் சேர்த்து அனுப்பினதாலதான் என்னால உறுதியா சொல்ல முடியுது, நிறைய பேரு முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிட்டு அசலான்னு கேப்பாங்க. இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். போட்டோவை வச்சு ஒரு காசை போலின்னு சொல்லலாம், அசல்னு சொல்ல முடியாது. அசல்னு கையெழுத்து போடணும்னா காசை கையில வாங்கி, லென்ஸ்ல பாத்து, எடை போட்டாத்தான் முடியும். போட்டோ பாத்துட்டே "சூப்பர் ஒரிஜினல்"னு சொல்ற யாரையும் நம்பாதீங்க, நானே சொன்னாலும் சரி.

ஏன் போலின்னு சொல்றேன்னு விளக்கமா எழுதறேன், அடுத்து நீங்க ஒண்ணு வாங்கறப்போ உதவும். எல்லாத்துக்கும் அடியில இருக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இந்தக் காசு எப்படி செய்யப்பட்டது? பழசா தெரியுதா, கறுப்பா இருக்கா, வெட்டு இருக்கா, சீட்டு இருக்காங்கறதெல்லாம் அதுக்கப்புறம். கறுப்பு, வெட்டு, சீட்டு எல்லாமே போலி பண்றவனுக்கும் தெரிஞ்ச சமாச்சாரம், அவன் உங்களுக்கு முன்னாடியே அதெல்லாம் யோசிச்சு வச்சிருப்பான். ஆனா ஒரு காசு சம்மட்டி அடியில பிறந்ததா, உருக்கி ஊத்தினதுல பிறந்ததாங்கறது உலோகத்துக்குள்ளயே இருக்கு, அதை மறைக்கறது ரொம்ப கஷ்டம்.

உங்க காசுல இருக்குற சித்திரம் கி.மு. 454-க்கு அப்புறம், டீலோஸ் தீவுல இருந்த கிரேக்க ஊர்க் கூட்டணியோட கஜானாவை ஏதென்ஸுக்கு மாத்தினதுல இருந்து அந்த நூற்றாண்டு முடியற வரைக்கும் ஏராளமா அடிச்ச வகை. முன்பக்கம் ஏதென்ஸோட காவல் தெய்வம் அதீனா தலைக்கவசத்தோட வலது பக்கம் பாத்துட்டு இருப்பா, கவசத்துல மூணு ஆலிவ் இலை, முகம் பக்கவாட்டுல இருந்தாலும் கண்ணு மட்டும் நேரா பாக்கற மாதிரி பாதாம் வடிவத்துல முழுசா இருக்கும். பின்பக்கம் ஆந்தை, இடது மேல்மூலையில ஆலிவ் கிளை, அது பக்கத்துல சின்ன பிறை, வலது பக்கம் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான்னு மூணு எழுத்து, எல்லாம் ஒரு சதுரக் குழிக்குள்ள. வெள்ளி வந்தது ஏதென்ஸுக்குத் தெற்கே இருக்குற லாரியான் சுரங்கத்துல இருந்து, ரொம்ப சுத்தமான வெள்ளி. முதல்ல வெள்ளியை உருக்கி கட்டியா ஒரு வில்லை பண்ணுவாங்க, அதுல எந்த சித்திரமும் இருக்காது. கீழ பட்டறைக்கல்லுல பதிச்ச அச்சுல அதீனா, மேல கையில பிடிக்கிற அச்சுல ஆந்தை, நடுவுல வில்லையை வச்சு மேல இருந்து சம்மட்டியால ஓங்கி அடிப்பாங்க. அந்த அடியில வெள்ளி நாலா பக்கமும் ஓடும், அச்சோட பள்ளத்துக்குள்ள ஏறும், இடம் இல்லாதப்போ விளிம்புல பிதுங்கி வெடிக்கும். அச்சு பெருசு, வில்லை சின்னது, அதனாலதான் பெரும்பாலான காசுல அதீனாவோட கவசக் கொண்டை பாதி வெளிய போயிருக்கும், கொண்டை முழுசா விழுந்த காசுக்கு இன்னிக்கு தனி விலை.

இப்ப உங்க காசோட விளிம்பு போட்டோவைப் பாருங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரு பழங்காசோட விளிம்புதான் அதோட உண்மையான முகம், முகத்தையும் ஆந்தையையும் எல்லாரும் பாப்பாங்கன்னு தெரிஞ்சு போலி பண்றவன் அங்கதான் எல்லா உழைப்பையும் போடுவான், விளிம்புல அசந்துடுவான். அடிச்ச காசோட விளிம்பு வயிறு மாதிரி லேசா வெளிய பிதுங்கி, ஒரே சீரா இல்லாம, அங்கங்க கரடுமுரடா கிழிஞ்ச வெடிப்போட இருக்கும். அந்த வெடிப்புக்குள்ள லென்ஸ் வச்சு எட்டிப் பாத்தா உள்ள வரைக்கும் போகும், ஓரம் கூரா இருக்கும். காசை கடிகார முகம் மாதிரி நினைச்சுக்கங்க, உங்க காசுல நாலு மணி பக்கத்துல ஒரு வெடிப்பு இருக்கு இல்லையா, அது வெடிப்பு மாதிரி தெரியுதே தவிர உள்ள போகல, மேலோட்டமான ஒரு பள்ளம், அடி உருண்டையா இருக்கு. ஏன்னா அது இந்தக் காசுல வெடிக்கல, மூலக் காசுல வெடிச்சது, அச்சு எடுக்கறப்போ அதோட நிழல் மட்டும் வந்துருக்கு. அதுபோக விளிம்பைச் சுத்தி ஒரே திசையில மெல்லிய கோடுங்க போகுதே, அது அரம் போட்ட தடம். ரெண்டு பாதி அச்சு சேர்ற இடத்துல ஒரு கோடு மேடா நிக்கும், அதைத் தேச்சு எடுத்திருக்காங்க. ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவுல அரம் சரியா படாம அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்.

அடுத்தது மேற்பரப்பு. அடிச்ச காசுல எழுத்தும் தரையும் சந்திக்கிற இடம் செங்குத்தா, கூரா இருக்கும், தேஞ்ச காசா இருந்தாலும் மேல்பக்கம்தான் தேஞ்சிருக்கும், அடி ஓரம் கூராவே நிக்கும். உலோகம் ஓடின தடம் நடுவுல இருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடா தெரியும். வார்ப்புல எல்லாமே பல நாள் கையில தேய்ஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு மழுங்கியிருக்கும், மேடு மட்டும் இல்லாம பள்ளத்துக்குள்ளயும் மழுங்கியிருக்கும். உங்க ஆந்தையோட தலையில இருக்கிற புள்ளி புள்ளி இறகைப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் கிடக்கு. தேய்மானத்துல அப்படி ஆகாது. தீட்டாவோட வட்டத்துக்குள்ள, அதீனாவோட மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல எல்லாம் குட்டிக் குட்டி உருண்டையான மேடுங்க இருக்கு, அச்சுல காத்துக்குமிழி இருந்த இடம் அது, உலோகம் அந்தக் குழிக்குள்ள போய் மேடா நின்னுடுச்சு. மண்ணுக்குள்ள கிடந்து அரிச்ச காசுலயும் குழி இருக்கும், ஆனா அது ஒழுங்கில்லாத வடிவத்துல இருக்கும், ஒரு அரிப்பு இப்படி உருண்டையா மேல எழும்பாது.

சரி, பெரியவர் அவ்வளவு நம்பிக்கையா சொன்ன அந்த உளி வெட்டுக்கு வருவோம். அவர் சொன்னதுல பாதி உண்மைதான். பழைய ஆந்தைக் காசுங்கள்ல நிறைய வெட்டு இருக்கும், அதுவும் எகிப்து, லெவன்ட் (சிரியா, லெபனான், இஸ்ரேல் இருக்குற பகுதி) பக்கம் புதையல்ல கிடைக்கிறதுல ரொம்ப ஜாஸ்தி. அங்க வெள்ளியை எடை போட்டு வாங்கின காலம், உள்ள செம்பை வச்சு மேல வெள்ளித் தகடு போர்த்தின காசு அப்பவே புழக்கத்துல இருந்துச்சு, அதனால வாங்கறவன் உளியை வச்சு ஒரு போடு போட்டு உள்ள என்ன நிறம்னு பாப்பான். போலிக் காசு பிரச்சினை ஏதென்ஸுக்கே எவ்வளவு பெரிய தலைவலியா இருந்துச்சுன்னா கி.மு. 375-374 வாக்குல நிக்கோஃபோன்ங்கறவர் முன்மொழிஞ்சு ஒரு சட்டமே போட்டாங்க, அந்தக் கல்வெட்டு 1970-ல ஏதென்ஸோட பழைய சந்தைவெளியான அகோராவுல நடந்த அகழாய்வுல கிடைச்சது. அதுல என்ன இருக்குன்னா, அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு அடிமை காசு சோதிக்கிறவனா சந்தையில பணம் மாத்தறவங்க மேசைகளுக்கு நடுவுல உக்காந்திருக்கணும், துறைமுகத்துக்கு, அதான் பைரேயஸுக்கு, இன்னொருத்தன். கொண்டு வர்ற காசு ஏதென்ஸ் சித்திரத்தோட வேற ஊர்ல அடிச்சதா இருந்தாலும் வெள்ளி நல்லதா இருந்தா கொண்டு வந்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும், உள்ள செம்போ ஈயமோ இருந்தா அந்த இடத்துலயே குறுக்க வெட்டிடணும், வெட்டினது தேவர்களோட தாய்ங்கற தெய்வத்துக்கு உரியது, ஊர் ஆலோசனை சபையில சேர்த்துடணும். சோதிக்கிறவன் வேலைக்கு வராம போனாலோ சட்டப்படி சோதிக்கலைன்னாலோ அவனுக்கு 50 கசையடி. அவன் சரின்னு சொன்ன காசை வாங்க மாட்டேன்னு சொல்ற வியாபாரியோட அன்னிக்கு சரக்கு பறிமுதல். இதைப் படிக்கறப்பெல்லாம் எனக்கு அவ்வளவு மரியாதை வரும், நான் பாக்குற வேலையை 2,400 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் வெயில்ல உக்காந்து கையாலயும் கண்ணாலயும் பாத்திருக்கான்.

(காசுல வெட்டுன்னு பாத்தாலே சோதனைன்னும் எடுத்துக்கக் கூடாது. 1898-ல நம்ம புதுக்கோட்டை பக்கத்துல கிடைச்ச ரோமானியத் தங்கக் காசுப் புதையல்ல பெரும்பாலான காசுல ராஜா முகத்து மேலயே வெட்டு இருக்கு, அது உள்ள தங்கமான்னு பாக்க இல்ல, இனிமே காசா செல்லாதுன்னு காட்டறதுக்காக வெட்டினதுன்னுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கறாங்க.)

இப்ப உங்க காசோட வெட்டு. உளி நிஜமா இறங்கியிருந்தா என்ன ஆகும்? பள்ளத்தோட ரெண்டு சுவரும் சாய்வா இறங்கி அடியில ஒரு கூரான கோட்டுல சேரும், சுவர்ல உளி வழுக்கின மெல்லிய கீறல் தெரியும், ரெண்டு ஓரத்துலயும் உலோகம் உதடு மாதிரி மேல தள்ளியிருக்கும். உங்களோடதுல அடி கூரா இல்ல, உருண்டையா இருக்கு, பள்ளத்துக்குள்ளயே ரெண்டு காத்துக்குமிழி மேடு இருக்கு. உளி இறங்கின இடத்துல குமிழி வரவே வராது. அப்ப வெட்டும் சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கு. மூலக் காசை எவனோ பண்டைய காலத்துல நிஜமாவே வெட்டியிருக்கான், அந்த வெட்டோட நகல்தான் உங்க கையில இருக்கு. போலி பண்றவன் வெட்டு உள்ள காசையே தேர்ந்தெடுத்ததுக்கும் காரணம் இருக்கு, வாங்கறவங்க வெட்டைப் பாத்தா நம்பிடுவாங்கன்னு அவனுக்குத் தெரியும். பெரியவரும் அப்படி நம்பினவரா இருக்கலாம், தெரிஞ்சே ஏமாத்தினார்னு நான் சொல்ல வரல.

எடைதான் ரொம்ப ஈஸியான விஷயம், அதை முதல்லயே பாத்திருந்தா சந்தையிலயே திரும்பி வந்திருப்பீங்க. ட்ராக்மாங்கறது அந்தக் காலத்து கிரேக்கப் பண அலகு, உங்க வகை நாலு ட்ராக்மா ஆந்தைக் காசு, அது ஏதென்ஸ் எடைத் திட்டப்படி 17.2 கிராம் பக்கத்துல இருக்கணும், நல்ல நிலையில உள்ளது பெரும்பாலும் 17-க்கு மேலதான் நிக்கும், தேஞ்சதோ வெட்டினதோ 16.7, 16.6-னு இறங்கலாம். ஏதென்ஸ்காரங்க இந்த எடையில ரொம்ப கறார், ஊர் ஊரா அந்தக் காசை கண்ணை மூடிட்டு வாங்கினதே அதனாலதான். 15.6-ங்கறது தேய்மானத்துல வர்ற குறைவு இல்ல, அவ்வளவு தேஞ்சிருந்தா ஆந்தையோட கண்ணே காணாம போயிருக்கும். ஆனா எடை சரியா இருந்தா அசல்னு அர்த்தம் இல்ல, 17.2 கிராம் வெள்ளி எடுத்து காசு பண்றது யாருக்கும் முடியும்.

அந்த சீட்டை நீங்க முழுசா படிச்சீங்களான்னு தெரியல. ஜெர்மன் கையெழுத்துல ஏதென்ஸ், நாலு ட்ராக்மான்னு எழுதி, கீழ மூலையில பென்சில்ல 17,08-னு ஒரு எண் இருக்கு. அது விலை இல்லம்மா, எடை, இங்க நம்ம புள்ளி வைக்கிற இடத்துல ஜெர்மன்காரங்க காற்புள்ளி வைப்பாங்க. 17.08 கிராம் காசு டிராயர்ல கிடந்து ஒன்றரை கிராம் குறையாது. அப்ப இந்த சீட்டு வேற ஒரு காசோடது. சீட்டு உண்மையா பழசாவே இருக்கலாம், தாத்தாகிட்ட உண்மையாவே ஒரு நல்ல காசு இருந்திருக்கலாம், அது எப்பவோ கை மாறிப் போய் சீட்டு மட்டும் தங்கியிருக்கலாம். சீட்டுக்கும் காசுக்கும் ஆணி அடிச்சு வைக்க முடியாது, அதனால சீட்டுல இருக்குற எடை, குறுக்களவு, வெட்டு, வெடிப்பு பத்தின குறிப்பு இதெல்லாம் கையில இருக்குற காசோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுத்தான் சீட்டுக்கு மதிப்பு குடுக்கணும். பழைய ஏல கேட்டலாக்ல போட்டோ இருந்து, அது உங்க காசோட கீறல் வரைக்கும் ஒத்துப்போனா அதுதான் நிஜமான பின்னணி.

உங்களுக்கு இன்னும் மனசு ஒப்பலைன்னா வீட்டுலயே ஒண்ணு பண்ணலாம், காசுக்கு எந்த சேதமும் வராது. 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசுல ஒரு டம்ளர் தண்ணியை வச்சு பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துடுங்க. காசை மெல்லிசா ஒரு நூல்ல கட்டி, கையில பிடிச்சபடியே தண்ணிக்குள்ள முழுசா இறக்குங்க, அடியிலயோ ஓரத்துலயோ படக் கூடாது, ஒட்டியிருக்கிற குமிழியைத் தட்டி விட்டுடுங்க. அப்ப தராசு காட்டுற எண்ணால 15.6-ஐ வகுத்தா காசோட அடர்த்தி வரும். சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96, ஈயம் 11.34. உங்க காசு நல்ல வெள்ளியா இருந்தா தராசு 1.50 பக்கம் காட்டணும். 1.6-ஐத் தாண்டினா செம்பு நிறைய கலந்திருக்கு, இல்லைன்னா உள்ள காத்து ஓட்டை இருக்கு. அதுவும் வெளிய தள்ளத்தான் உதவும்கறதை மறந்துடாதீங்க. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அளவாக் கலந்தா வெள்ளியோட அடர்த்திக்குப் பக்கத்துல கொண்டு வந்துடலாம். காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டலைன்னு எழுதியிருந்தீங்க, செம்பு, ஈயம், பித்தளை எதுவுமே காந்தத்துல ஒட்டாது.

மதுரை நகைக்கடை விஷயம். வேண்டாம்மா. பத்தரை குறை சொல்லல, அவரோட வேலையில அவர் கெட்டி. ஆனா அவர் பதில் சொல்ற கேள்வி "இது எவ்வளவு வெள்ளி?", நமக்கு வேண்டிய கேள்வி "இதை எப்ப, எப்படி பண்ணாங்க?". உரைகல்லுல உரசினா ஒரு கீறல் விழும், அரத்தால ஒரு இழுப்பு இழுத்து ஆசிட் ஊத்தினா நிரந்தரமா ஒரு தழும்பு, அசல் காசா இருந்தா அந்த நிமிஷமே விலை பாதி போயிடும். கேரட் மீட்டர்னு கடைங்கள்ல வச்சிருக்குற எக்ஸ்-ரே மிஷின் சேதம் பண்ணாது, ஆனா அது மேல்தோலைத்தான் படிக்கும். பழைய வெள்ளியில கொஞ்சம் ஈயம், தங்கம், செம்பு எல்லாம் இயற்கையாவே ஒட்டிட்டு இருக்கும், அதனால ஒரு காசுல 92.5 சதவீதம் வெள்ளி, மிச்சம் செம்புன்னு வந்தா அது இந்தக் காலத்து நகை வெள்ளின்னு தெரிஞ்சுடும், அந்த அளவுக்கு உபயோகம் உண்டு. ஆனா கெட்டிக்காரன் மலிவான, தேஞ்சுபோன அசல் பழங்காசுங்களை உருக்கியே போலி பண்ணுவான், அதுல மிஷின் என்ன சொல்லும்? பழைய வெள்ளின்னுதான் சொல்லும்.

இன்னொண்ணு, கல்லுல போட்டு சத்தம் கேட்டுப் பாக்கறது. தயவுசெஞ்சு எந்தப் பழைய வெள்ளிக் காசையும் அப்படிப் போடாதீங்க. ரெண்டாயிரம் வருஷம் மண்ணுல கிடந்த வெள்ளி சில சமயம் உள்ளுக்குள்ள படிகம் படிகமா மாறி நொறுங்கற பதத்துக்கு வந்திருக்கும், கீழ விழுந்தா ரெண்டா உடைஞ்சுடும். அப்படிப்பட்ட காசு அசலா இருந்தும் டொக்குன்னுதான் சத்தம் போடும். நம்ம வீட்டுல வெள்ளி விளக்கு துலக்குற விபூதி, டூத்பேஸ்ட், புளி எதையும் பழங்காசு பக்கம் கொண்டு போகாதீங்க. பழைய வெள்ளியில சாம்பலும் ஊதாவும் கலந்து கெட்டியா ஒரு படிவு ஒட்டியிருக்கும், வெள்ளியும் குளோரினும் சேர்ந்து உண்டானது, கீறினா மெழுகு மாதிரி வரும், சிலதுல அது உலோகத்துக்குள்ளயே இறங்கியிருக்கும். அதைத் தேச்சு எடுத்தா அடியில இருக்குற மேற்பரப்பும் போயிடும், அசல்னு நிரூபிக்கிற சாட்சியை நாமளே கழுவி விட்ட மாதிரி ஆயிடும். உங்க காசுல இருக்குற கறுப்பு அந்த மாதிரி இல்ல, பள்ளத்துல எல்லாம் ஒரே அளவுக் கறுப்பு, மேட்டுல மட்டும் துடைச்ச மாதிரி பளபளப்பு. கந்தகக் கரைசல்ல முக்கி எடுத்து துணியால துடைச்சா இப்படித்தான் வரும், சில நிமிஷ வேலை.

வார்ப்புன்னா இப்படி பிடிச்சுடலாம். உண்மையிலேயே பயப்பட வேண்டியது அச்சு வெட்டி சம்மட்டியாலயே அடிச்ச போலிங்களைப் பாத்து. அதுல விளிம்பு வெடிக்கும், உலோகம் ஓடியிருக்கும், எடையும் சரியா இருக்கும். ஜெர்மனியில காசு சேர்க்கப் போற உங்களுக்கு கார்ல் வில்ஹெல்ம் பெக்கர்ங்கற பேரு தெரிஞ்சிருக்கணும். 1772-ல பிறந்து 1830-ல செத்துப்போன ஆளு, கிரேக்க, ரோமானியக் காசுங்களுக்கு தானே எஃகுல அச்சு செதுக்கி, பல சமயம் மலிவான அசல் பழங்காசை வில்லையா வச்சு அது மேல அடிச்சான், அதனால உலோகமும் உண்மையா பழசு. புதுக் காசோட பளபளப்பு போகறதுக்காக அதை இரும்புத் துகளும் கொழுப்பும் போட்ட பெட்டிக்குள்ள வச்சு குதிரை வண்டியில கட்டி ஊர் சுத்துவான்னு சொல்வாங்க. அவனோட அச்சுங்க பெர்லின் நாணய மியூசியத்துல இன்னிக்கும் இருக்கு. ஏதென்ஸ்லயே கிறிஸ்டோடூலோஸ்னு ஒருத்தன் இருந்தான், அவன் பண்ண போலிங்களை அங்கிருந்த நாணய மியூசியத்தோட தலைவர் ஸ்வோரோனோஸ் 1922-ல படத்தோட வெளியிட்டார். 1988-ல கருங்கடல் ஓரத்துல கிடைச்சதுன்னு சொல்லி அப்பொலோனியா, மெசெம்ப்ரியா ஊர்களோட சின்ன வெள்ளிக் காசுங்க கும்பலா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, பெரிய பெரிய நிபுணர்களே அசல், போலின்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு வாதாடி கடைசியில நவீன போலின்னு முடிவாச்சு. 2012 ஜனவரியில நியூயார்க்ல நடந்த நாணயக் கண்காட்சியில சிசிலியில திருட்டுத்தனமா தோண்டினதுன்னு நம்பி விலை உயர்ந்த கிரேக்க வெள்ளிக் காசுங்களோட ஒரு சேகரிப்பாளரை கைது பண்ணாங்க, அவர் இந்தத் துறையில நல்லா பேர் வாங்கினவர், அந்தக் காசுங்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தப்போ அதுவே போலின்னு தெரிஞ்சது. அதனால நீங்க ஏமாந்ததுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

அந்த மாதிரி போலிங்களை எப்படிப் பிடிக்கிறோம்னா, அச்சை ஒப்பிட்டுத்தான். ஒரு அச்சுல ஆயிரக்கணக்குல காசு அடிக்கலாம், எல்லாத்துலயும் சித்திரம் ஒண்ணா இருக்கும், ஆனா கையால வில்லையை வச்சு அடிக்கிறதால ஒவ்வொண்ணும் வேற வேற பக்கம் சாஞ்சிருக்கும், வெடிப்பு வேற இடத்துல இருக்கும், எடை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ரெண்டு காசுல கொண்டை ஒரே இடத்துல வெட்டுப்பட்டு, ஒரே இடத்துல கீறலும் இருந்தா, ரெண்டுல ஒண்ணாவது நிச்சயம் நகல். சில பேரு அசல் காசுல இருந்தே அச்சு எடுத்து அதை வச்சு அடிப்பாங்க, அப்ப மூலக் காசோட கீறலும் தேய்மானமும் புதுக் காசுங்க எல்லாத்துலயும் மேடா, மழுங்கி வந்து நிக்கும். இதுக்குத்தான் நாங்க ஏல ஆவணங்கள்ல ஆயிரக்கணக்குல போட்டோ பாத்துட்டு உக்காந்திருப்போம். ஏசிசர்ச்னு ஒரு இணைய ஆவணம் இருக்கு, ஏதென்ஸ் நாலு ட்ராக்மான்னு தேடினா பல வருஷ ஏலக் காசுங்க படத்தோட வரும், தினம் கொஞ்ச நேரம் பாத்தாலே கண்ணு பழகிடும். போலிங்களை ஆவணப்படுத்தறதுக்குன்னே சர்வதேச அளவுல நாணய வியாபாரிகள் சங்கம் தனிப் பிரிவும் வச்சிருக்கு.

இதுல இன்னொரு சிக்கலும் உண்டு, ஏதென்ஸ்ல அடிக்காததெல்லாம் இன்னிக்குப் பண்ண போலின்னு நினைச்சுடக் கூடாது. எகிப்துலயும் அரேபியாவுலயும் பாபிலோன் பக்கமும் ஆந்தைக் காசைப் பாத்து அவங்கவங்க ஊர்லயே நல்ல வெள்ளியில அடிச்சாங்க, பாரசீக ராஜா மூணாம் அர்தசெர்க்ஸஸ் எகிப்தைப் பிடிச்சப்போ ஏதென்ஸ் எழுத்துக்குப் பதிலா எகிப்திய எழுத்துல தன் பேரைப் போட்டே ஆந்தை அடிச்சான். கண்ணு கோணலா, ஆந்தை தடியா இருந்தாலும் அதெல்லாம் பண்டைய காசுதான், அதுக்குன்னே சேர்க்கிறவங்க இருக்காங்க. உள்ள செம்பு வச்ச பழைய வெள்ளிப்போர்வைக் காசும் அப்படித்தான், அந்தக் காலத்து ஏமாத்து வேலைக்கு சாட்சி. ஸ்பார்டாவோட நடந்த போர்ல வெள்ளி தீந்துபோய் ஏதென்ஸ் அரசாங்கமே செம்புக்கு மேல வெள்ளி பூசின காசு விட்டுச்சு, கி.மு. 405-ல அரங்கேறின அரிஸ்டோஃபனிஸோட நாடகத்துல அந்த மட்டமான காசைத் திட்டி வரி இருக்கு.

இனி செய்ய வேண்டியது. காசையும் சீட்டையும் எடுத்துட்டு பெரியவர்கிட்ட போங்க, சண்டை போடற மாதிரி இல்லாம எடை வித்தியாசத்தைக் காட்டி பணத்தைத் திருப்பிக் கேளுங்க, சீட்டுல இருக்குற 17,08-ஐயும் தராசுல வர்ற 15.6-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது. குடுக்கலைன்னா காசை நீங்களே வச்சுக்கங்க, ஆனா பையில "வார்ப்பு நகல்"னு எழுதிப் போட்டு வைங்க, எந்தக் காரணத்துக்காகவும் அசல்னு சொல்லி அடுத்தவருக்குத் தள்ளி விடாதீங்க, உங்களுக்குப் பின்னாடி வீட்டுல எடுக்கறவங்களுக்கும் தெரியணும்.

அசல் ஆந்தைக் காசு எட்டாத விலை ஒண்ணும் இல்ல. சாதாரண நிலையில உள்ளது ஏலத்துல சில நூறு யூரோவுக்கே கிடைக்கும், நல்ல நிலையில உள்ளது ஆயிரத்தைத் தாண்டும். ம்யூனிக்ல நீங்க இருக்குறது பெரிய அதிர்ஷ்டம், பழங்காசு வியாபாரத்துல அந்த ஊர் உலகத்துலயே முக்கியமான இடம், ஏலத்துக்கு முன்னாடி காசை நேர்ல கையில எடுத்துப் பாக்க விடுவாங்க. வாங்கலைன்னாலும் பரவாயில்ல, போய் விளிம்பைப் பாருங்க, எடையை கையால உணருங்க. அங்கயே மாநில நாணய மியூசியமும் இருக்கு. வாங்கறப்போ போலின்னு தெரிஞ்சா பணம் திருப்பித் தருவேன்னு எழுதிக் குடுக்கறவர்கிட்ட மட்டும் வாங்குங்க, அதோட காசு எங்க இருந்து வந்துச்சுன்னு பேப்பர் கேளுங்க. ஜெர்மனியில 2016-ல இருந்து கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கிரீஸ், துருக்கி மாதிரி நாடுங்கள்ல இருந்து தோண்டிக் கடத்தின காசா இருந்தா அசலா இருந்தும் உங்களுக்கு வம்பு. துருக்கிக்கு டூர் போனா இடிபாடு பக்கத்துல நின்னு "இப்பத்தான் தோண்டினேன்"னு நீட்டறவங்ககிட்ட எதுவும் வாங்காதீங்க, போலின்னா பணம் போச்சு, அசல்னா ஏர்போர்ட்ல போலீஸ்.

அந்த நாலு காசு. வாங்கச் சொல்லல, ஆனா பணம் கேக்கப் போறப்போ அதுங்களையும் ஒரு தடவை கையில வாங்கி போட்டோ எடுக்க அனுமதி கேளுங்க. நாலு மணி பக்கத்துல இதே வெடிப்பு, ஆந்தை மேல இதே இடத்துல இதே சாய்வுல வெட்டு இருக்கான்னு பாருங்க, ஒண்ணுலயாவது இருந்தா பெரியவருக்கும் அதைக் காட்டிடுங்க, அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் வித்துட்டு இருக்கலாம். நாலுல ஏதாவது ஒண்ணு மட்டும் வெட்டு இல்லாம, வேற மாதிரி இருந்து, எடையும் 17-க்கு மேல நின்னா உடனே காசைக் குடுத்துடாதீங்க, விளிம்பைச் சுத்தி நாலு பக்கத்துலயும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.